சார் ரிட்டையர் ஆகறார்: மோதிரமா, மேடையா, ஸ்மார்ட் போர்டா, அறக்கட்டளையா, லெட்டரா?

ஏப்ரல் மே வந்தா போதும், செத்துக் கிடந்த பழைய பேட்ச் வாட்ஸ்அப் க்ரூப் எல்லாம் எந்திரிச்சு உக்காந்துரும். அரசுப் பள்ளி ஆசிரியருங்களுக்கு வருஷ நடுவுல வயசு முடிஞ்சாலும் வழக்கமா அந்தக் கல்வியாண்டு முடியற வரைக்கும் மறுநியமனத்துல வச்சிருப்பாங்க, அதனால வழியனுப்பு விழா எல்லாம் கொத்தா அந்த ரெண்டு மாசத்துலதான் வந்து விழும். முன்னாடி 58ல அனுப்பிட்டு இருந்தாங்க, 2020ல 59 ஆக்கினாங்க, 2021ல 60. இப்ப எங்க கணக்கு சாரோட முறை.

க்ரூப்ல முதல் மெசேஜே "மாப்ள, ஒரு பவுன் மோதிரம் போட்டுருவோம்"தான். அடுத்த அஞ்சு நிமிஷத்துல ஒருத்தன் மண்டபம் பேசறான், ஒருத்தன் ஸ்மார்ட் போர்டுங்கறான், துபாய்ல இருக்கறவன் "எவ்ளோன்னு மட்டும் சொல்லுங்கடா"ங்கறான். தலைக்கு ரெண்டாயிரத்து ஐநூறு, அறுவது பேர் குடுத்தா ஒன்றரை லட்சம். இதுல என்ன செய்யலாம்னு ஆளாளுக்குக் கத்திட்டு இருந்ததுல நான் ஒவ்வொண்ணா நிதானமா யோசிச்சுப் பாத்தது இங்க. என்ன வாங்கலாம்னு ஆரம்பிச்சா எங்கயும் போய்ச் சேர மாட்டோம், யாருக்குன்னு ஆரம்பிக்கணும், இதான் என் கட்சி, ஏன்னு போகப் போகச் சொல்றேன்.

மோதிரத்துல இருந்தே ஆரம்பிப்போம். ஒரு பவுன்னா எட்டு கிராம், கிராம் பத்தாயிரத்தைத் தாண்டிப் போய் ரொம்ப நாளாச்சு, அது மேல செய்கூலி சேதாரம், அதுக்கும் மேல 3 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக வசூலாகற பணத்துல பாதிக்கு மேல ஒரு விரல்ல போய் உக்காந்துக்கும். சரி அந்த விரலாவது யாரோடது? முப்பது வருஷம் சாக்பீஸ் தூளோட இருந்த விரல், வாட்ச் தவிர வேற எதையும் போட்டுக்கிட்டு அவர் ஸ்கூலுக்கு வந்து யாரும் பாத்ததில்ல. மேடையில போட்டு விட்டு ஃபோட்டோ எடுத்ததும் அது நேரா வீட்டுக்குப் போய் பீரோ லாக்கர்ல ஏறிரும். அவர் 2003 ஏப்ரலுக்கு முன்னாடி வேலைக்கு வந்தவர், பழைய பென்ஷன் உண்டு, பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சு, பையன் வேலைக்குப் போறான். அவருக்கு அவ்வளவு விலைத் தங்கத்தால ஆகப் போறது ஒண்ணுமில்ல. இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்ல, பணியில இருக்கற வரைக்கும் அவர் அரசு ஊழியர், மதிப்புள்ள பரிசு வாங்கறதுக்கு நடத்தை விதிகள்ல கட்டுப்பாடு இருக்கு, ஆசையா போட்டு விடறோம்னு அவரைச் சங்கடத்துல மாட்டி விடக் கூடாது. போடறதுன்னா ரிட்டையர் ஆன அப்புறம், இல்லன்னா அவரையே கேட்டுட்டு.

மேடை. இதுக்கு எங்க ஊர்ல ஒரு ஃபார்முலாவே இருக்கு. வாசல்ல ஃப்ளெக்ஸ், ஃப்ளெக்ஸ்ல சார் ஃபோட்டோ ஒரு தபால் தலை சைஸு, சுத்தி ஏற்பாட்டாளர்கள் ஃபோட்டோ ஒண்ணொண்ணும் போஸ்டர் சைஸு. சிறப்பு விருந்தினர் ஒண்ணரை மணி நேரம் லேட்டா வருவார், வந்ததும் அவருக்குப் பொன்னாடை, அவரோட வந்தவருக்குப் பொன்னாடை, மைக்செட் வச்சவரைத் தவிர எல்லாருக்கும் பொன்னாடை. அப்புறம் அவர் முக்கா மணி நேரம் தன்னோட ஆசிரியரைப் பத்திப் பேசுவார், கடைசியில பந்தி ஆறிப் போகுதுன்னு சொல்லி நம்ம சாருக்கு அஞ்சு நிமிஷம் மைக் குடுப்பாங்க. ரிட்டையர் ஆன இன்னொரு டீச்சர் வீட்டுக்கு ஒரு தடவை போயிருந்தேன், ஷோகேஸ்ல இடம் பத்தாம ஷீல்டு எல்லாம் பரண் மேல தெர்மாகோல் டப்பாவோடயே இருந்துச்சு, ஒண்ணுல அவங்க இனிஷியலே தப்பு. பொன்னாடை எல்லாம் மடிச்சு ஒரு கட்டைப்பையில இருந்துச்சு, "யாருக்காவது போடணும்னா கேளுப்பா, கடைக்குப் போக வேணாம்"னு சிரிச்சாங்க.

ஆனா மேடையே வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். அவரோட வீட்டம்மா அவர் வகுப்பை ஒரு நாளும் பாத்திருக்க மாட்டாங்க, ராத்திரி பதினோரு மணிக்கு பேப்பர் திருத்தறதை மட்டும்தான் பாத்திருப்பாங்க, அந்தப் பேப்பரை எழுதினவனுங்க நரைச்ச தலையோட வந்து நிக்கறதை அவங்க பாக்கணும். இப்ப அங்க படிக்கற பிள்ளைங்களும் பாக்கணும். அதுக்கு மண்டபம் தேவையே இல்ல, ஸ்கூல்லயே வழியனுப்பு விழா நடத்துவாங்க, ஹெச்.எம். கிட்ட சொல்லி அதுல அரை மணி நேரம் வாங்கினா போதும். ஒரே ஒரு பொன்னாடை, வெளியாள் யாரும் வேணாம், நம்ம பேட்ச்ல மூணு பேர் பேசினா ஜாஸ்தி. சோறு மட்டும் நல்லா போடலாம், அதுல கஞ்சத்தனம் வேணாம்.

ஸ்கூலுக்கு ஏதாவது வாங்கிக் குடுக்கறது அடுத்தது. கேக்கறதுக்கு இதான் ரொம்ப நியாயமா இருக்கும், ஆனா இங்கயும் ஒரு சிக்கல் இருக்கு. ஸ்மார்ட் வகுப்பறை, ஹைடெக் லேப் எல்லாம் அரசாங்கமே கொண்டு வந்து வச்சுக்கிட்டு இருக்கு, நாம ஒண்ணு வாங்கிக் குடுத்து அது ரெண்டாவதா சுவத்துல தொங்கறதுக்கு வாய்ப்பு நிறைய. வாங்கிக் குடுக்க ஊருக்கு நூறு பேர் வருவாங்க, ரிப்பேர் பண்ணித் தரத்தான் ஒருத்தரும் வர மாட்டாங்க. எந்த அரசுப் பள்ளிக்கு வேணா போய்ப் பாருங்க, "1992ஆம் ஆண்டு மாணவர்கள் அன்பளிப்பு"ன்னு பெயிண்ட் அடிச்ச ஒரு தண்ணி டேங்கோ ஆர்ஓ மெஷினோ இருக்கும், குழாய்ல காத்துதான் வரும், ஃபில்டர் மாத்த காசில்ல. அதனால இந்த வழியில போறதா இருந்தா ஹெச்.எம். கிட்ட போய் "என்ன வேணும்"னு கேக்காதீங்க, "எது கெட்டுப் போய்க் கிடக்கு"ன்னு கேளுங்க. பாத்ரூம் கதவு, உடைஞ்ச பெஞ்சு, ஆர்ஓவுக்கு மூணு வருஷ சர்வீஸ், இதெல்லாம் ஃபோட்டோவுக்கு நல்லா இருக்காது, ஆனா எட்டாங்கிளாஸ் படிக்கற பொண்ணுக்குத் தாழ்ப்பாள் இருக்கற கதவு எவ்வளவு பெரிய விஷயம்னு உங்க வீட்டுப் பொம்பளைங்களக் கேட்டா தெரியும்.

பணத்தை எப்படிக் குடுக்கறதுங்கறதும் இருக்கு. 2022 டிசம்பர்ல முதலமைச்சர் ஆரம்பிச்சு வச்ச 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் இதுக்காகத்தான் இருக்கு, ஆரம்பிச்சப்ப டிவிஎஸ் வேணு சீனிவாசன் தலைவர், செஸ் விஸ்வநாதன் ஆனந்த் தூதர். வெப்சைட்ல நம்ம பள்ளியைத் தேடி, என்ன தேவைன்னு பாத்துக் குடுக்கலாம், முன்னாள் மாணவர்னு பதிஞ்சும் வச்சுக்கலாம். இதுல பெரிய லாபம் நம்ம க்ரூப்ல "பில் எங்கடா, மீதி எங்கடா"ன்னு சண்டை வராது. குறை என்னன்னா இது ஸ்கூலுக்குச் செய்யறது, சாருக்குச் செய்யறதா அவருக்கும் தோணாது நமக்கும் தோணாது. அவர் ரிட்டையர் ஆகலன்னாலும் இதைச் செஞ்சிருக்கணும்ல.

நல்லாசிரியர் விருதுக்கு முயற்சி பண்ணலாமேன்னு ஒரு அக்கா கேட்டாங்க. மாநில அரசோட டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது பத்தாயிரம் ரூபாய், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ், செப்டம்பர் 5 அன்னிக்குக் குடுக்கறது. மத்திய அரசு விருது ஐம்பதாயிரம், அதுக்கு 2018ல இருந்து ஆசிரியரே ஆன்லைன்ல விண்ணப்பிக்கணும். ரெண்டுமே சர்வீஸ்ல இருக்கும்போது நடக்க வேண்டிய காரியம், ஃபோட்டோ, ஆதாரம், ரிசல்ட் பட்டியல்னு ஃபைல் கட்டணும், நம்ம சார் மாதிரி ஆளுங்க அந்த ஃபைலைக் கட்டவே மாட்டாங்க. இவருக்கு லேட்டு. இன்னும் பத்து வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கற நல்ல டீச்சர் உங்களுக்குத் தெரியும்னா அந்த ஃபைலை நீங்க உக்காந்து கட்டிக் குடுங்க, அதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

அறக்கட்டளை. இதுலதான் எனக்கு ஆசை அதிகம், பயமும் அதிகம். சார் பேர்ல ஒரு லட்சத்தை பேங்க்ல டெபாசிட் போட்டா ஆறரை சதவீதம்னு வச்சாலும் வருஷத்துக்கு ஆறாயிரத்து ஐநூறு வரும், முதல் தொடாம காலத்துக்கும் ஓடும். பேப்பர்ல அருமையா இருக்கு. நடைமுறையில என்ன ஆகும்னா முதல் வருஷம் விழா, ரெண்டாவது வருஷம் ஹெச்.எம். டிரான்ஸ்ஃபர், மூணாவது வருஷம் அந்த டெபாசிட் ரசீது எந்த பீரோல இருக்குன்னே தெரியாது. அதுக்குப் பதிலா இருவது பேர் வருஷா வருஷம் ஐநூறு ஐநூறு போட்டா பத்தாயிரம் வருமே, டெபாசிட்டை விட அதிகமாச்சேன்னு ஒருத்தன் கணக்குப் போட்டான், கணக்கு சரிதான், கணக்கு சாரோட ஸ்டூடண்ட் ஆச்சே, ஆனா நாலாவது வருஷம் அந்த இருவதுல எத்தனை பேர் ஃபோனை எடுப்பான்? எனக்கு டெபாசிட்தான் சரின்னு படுது, ஆனா தனி ஆள் பேர்ல வேணாம், பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல தீர்மானம் போட்டு மினிட்ஸ் புக்ல எழுதி, ரசீது ஜெராக்ஸ் நம்ம கிட்ட ரெண்டு பேர் வச்சுக்கணும். அந்தக் குழுவுல இப்ப முன்னாள் மாணவர்களையும் சேக்கறாங்க, நம்ம பேட்ச்ல உள்ளூர்லயே இருக்கற ஒருத்தர் அதுல போய் உக்காந்துட்டா ஹெச்.எம். மாறினாலும் விஷயம் மறக்காது.

அதைவிட முக்கியம், அந்தப் பரிசு யாருக்கு? பழக்கத்துல எல்லா அறக்கட்டளைப் பரிசும் முதல் மார்க் வாங்கறவங்களுக்குப் போகும். ஏற்கனவே முதல் மார்க் வாங்கறவனுக்கு ஏழு பரிசு, இது எட்டாவது. நம்ம சார் என்னைக்குடா முதல் மார்க் வாங்கறவன் பின்னாடி போனார்? அவர் உக்காந்தது இருவது முப்பது வாங்கறவனோட. போர்டுல கணக்கைப் போட்டுட்டு இருக்கும்போதே பாதியில நிறுத்திட்டுக் கடைசி பெஞ்சைப் பாப்பார், முன்னாடி இருக்கறவன் விடையைக் கத்துவான், "டேய், விடையை எவன்டா கேட்டான், அடுத்த வரி என்னன்னு அவன் சொல்லட்டும்"னு அந்தக் கடைசி பெஞ்சுக்காரன் வாயத் தொறக்கற வரைக்கும் சாக்பீஸைக் கையில உருட்டிட்டே நிப்பார், ரெண்டு நிமிஷம் ஆனாலும் நிப்பார். அவர் பேர்ல பரிசுன்னா காலாண்டுக்கும் முழு ஆண்டுக்கும் நடுவுல கணக்குல அதிகமா மேல ஏறி வந்த பிள்ளைக்குக் குடுக்கணும். முதல் மார்க்குன்னு மட்டும் எழுதிடாதீங்க, ப்ளீஸ்.

இல்லன்னா இன்னொரு யோசனை. சனிக்கிழமை சனிக்கிழமை எட்டாவது பிள்ளைங்களுக்கு என்எம்எம்எஸ்ங்கற மத்திய அரசு உதவித்தொகைப் பரீட்சைக்கு சாரே வகுப்பு எடுப்பார், அது யாரும் சொல்லி எடுத்ததில்ல. அந்தப் பரீட்சையில தேறினா ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வருஷம் 12,000, ஆக நாலு வருஷத்துக்கு 48,000 அந்தப் பிள்ளையோட பேங்க் கணக்குல வரும், வீட்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள்ள இருந்தா எழுதலாம். வட்டிப் பணத்துல பயிற்சிப் புத்தகம், பரீட்சை சென்டருக்குப் போக வர வேன், சனிக்கிழமை வகுப்புக்கு டீ பன், இதுக்கெல்லாம் தாராளமா போதும். நாம போடற அஞ்சாயிரம் ஆறாயிரம் ரூபாய் ஒரே ஒரு பிள்ளையைத் தேற வச்சாலே நாப்பத்தெட்டாயிரமா திரும்பி வருது, அதுவும் சார் விட்டுட்டுப் போற வேலை நிக்காம ஓடுது. எனக்கு இதான் எல்லாத்துலயும் ஒசத்தியா தெரியுது.

இப்ப லெட்டர். செலவே இல்லாததுங்கறதால க்ரூப்ல இதை யாரும் கண்டுக்கல, "லெட்டரா, சின்னப் பசங்களாடா நாம"ன்னு ஒருத்தன் சிரிச்சான். உ.வே.சா. என்ன செஞ்சார்? அவரோட ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876ல காலமாயிட்டார், ஐம்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல கழிச்சு, தனக்கே எழுபது வயசு தாண்டின பிறகு, 1933, 34ல ரெண்டு பாகமா அவரோட வரலாற்றை எழுதி வெளியிட்டார். பிள்ளையவர்கள் பேர் இன்னைக்கும் நமக்குத் தெரியுதுன்னா அதுல இந்த சிஷ்யரோட பங்கு பெருசு. கலாம் ஜனாதிபதி ஆன பிறகும் ராமேஸ்வரத்துல அஞ்சாவது எடுத்த சிவசுப்பிரமணிய ஐயரைப் பத்தி மேடைக்கு மேடை சொல்லுவார். "என்னை ஆளாக்கினார்"னு மொட்டையா சொல்ல மாட்டார், பறவை எப்படிப் பறக்குதுன்னு போர்டுல படம் போட்டுக் காட்டினார், நிறைய பேருக்குப் புரியல, அன்னிக்கு சாயங்காலமே கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய் நிஜப் பறவையைக் காட்டினார்னு சொல்லுவார். அந்த ஒரு வகுப்பை நாமளே உக்காந்து பாத்த மாதிரி இருக்கும்.

நம்ம லெட்டரும் அப்படி இருக்கணும். "தாங்கள் இல்லையேல் நான் இல்லை"ன்னு எழுதினா அது ஷீல்டு மாதிரிதான், பரண் மேல போயிரும். ஒரு நாள், ஒரு வகுப்பு, அவர் சொன்ன ஒரு வார்த்தை, அது அப்புறம் எங்க போய் உதவுச்சு, இவ்வளவு எழுதினா போதும், அரைப் பக்கம். எங்க பேட்ச்ல லேத் பட்டறை வச்சிருக்கறவன் ஒருத்தன் எழுதிக் காட்டினான், "சார் நீங்க பின்னம் நடத்தும்போது நான் ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டு இருந்தேன், என்னைக் கூப்பிட்டு அடிக்காம ஒரு அடி ஸ்கேலைக் கையில குடுத்து இதுல எட்டுல மூணு பங்கு எங்கடான்னு காட்டச் சொன்னீங்க, இன்னிக்கு இன்ச் டேப்புல எட்டுல ஒரு பங்கு, மூணு பங்குன்னு அளந்து வேலை செய்யறப்ப எல்லாம் அதான் ஞாபகம் வருது"ன்னு. இதைவிட நல்லா எந்தச் சிறப்பு விருந்தினர் பேசிடுவார்? எழுத வராதவங்க வாய்ஸ் நோட் போடட்டும், வேற யாராவது கேட்டு எழுதிக்கலாம், அவங்க பேச்சை அப்படியே விட்டுருங்க, திருத்தி செந்தமிழ் ஆக்க வேணாம். கையெழுத்து தெளிவா இருந்தா அப்படியே ஃபைல் பண்ணலாம், டைப் அடிச்சா எழுத்து பெருசா போடுங்க, அவருக்குக் கண்ணாடி பவர் ஏறிருச்சு. அப்புறம் ஃபெயில் ஆனவன், பாதியில நின்னவன், அடி வாங்கினவன் எல்லாரையும் எழுதச் சொல்லுங்க. டாக்டர் இன்ஜினியர் மட்டும் எழுதினா அது ரிசல்ட் பட்டியல், அதை அவர் ஏற்கனவே பாத்தாச்சு.

இவ்வளவு பேசினதுல ஒருத்தர் பேரை க்ரூப்ல யாருமே எடுக்கல. ஒன்பதாவது பத்தாவதுல நமக்கு இங்கிலீஷ் எடுத்த மிஸ். போஸ்டிங் காலியா இருந்ததால பெற்றோர் ஆசிரியர் கழகத்து மூலமா வந்தவங்க, நம்ம பெத்தவங்க குடுத்த காசுலதான் சம்பளம், மே மாசம் அதுவும் கிடையாது. ரெகுலர் டீச்சர் வந்த அன்னிக்கு அவங்க போயிட்டாங்க, வழியனுப்பு விழா நடக்கல, பொன்னாடை போடல, நாமளும் கேக்கல. பென்ஷன், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எதுவும் இல்ல. 2012ல அரசே பதினாறாயிரத்து ஐநூத்துச் சொச்சம் பேரைப் பகுதி நேர ஆசிரியரா மாசம் 5,000 சம்பளத்துல எடுத்துச்சு, ஓவியம், தையல், கம்ப்யூட்டர், பி.டி. எல்லாம் எடுக்கறவங்க, பணி நிரந்தரம் கேட்டு வருஷக் கணக்கா போராடினவங்க. நம்ம மிஸ்ஸுக்கு அந்த லிஸ்ட்ல கூட இடமில்ல.

சாருக்கு வேணாம்னு நான் தள்ளி வச்ச தங்கம் இங்க சரியா பொருந்துது. மோதிரமா வேணாம், ஹால்மார்க் காயினா வாங்குங்க, நகை அளவுக்குச் செய்கூலி சேதாரம் போகாது, ஆத்திர அவசரத்துக்கு வித்துக்கலாம், அதை யாரும் வந்து "நாங்க போட்ட மோதிரம் எங்க மிஸ்"னு கேக்கப் போறதில்ல. பணமா குடுத்தா கூச்சப்பட்டு வேணாம்பாங்க, மஞ்சள் குங்குமம், வெத்தலை பாக்கோட தட்டுல வச்சுக் குடுத்தா வாங்கிக்குவாங்க. மேடைக்குக் கூப்பிட்டு மைக்ல "வறுமையில் வாடும் ஆசிரியைக்கு"ன்னு எவனாவது வாசிச்சான்னா அவனை நானே அடிப்பேன். நம்ம பேட்ச் பொண்ணுங்க மூணு நாலு பேர் வீட்டுக்குப் போகட்டும், ஃபோட்டோ வேணாம், க்ரூப்ல தொகை போட வேணாம், லெட்டர் மட்டும் அவங்களுக்கும் எல்லாரும் எழுதணும். பி.டி. சார், லேப் அண்ணன், இவங்களுக்கும் தனித்தனியா ரெண்டு வரி எழுதறதுல ஒண்ணும் குறைஞ்சு போக மாட்டோம்.

ஆக என் ஓட்டு இப்படி. ஒன்றரை லட்சத்துல எழுபத்தஞ்சாயிரம் சார் பேர்ல அறக்கட்டளை டெபாசிட், என்எம்எம்எஸ் வகுப்புக்கு, வருஷத்துக்கு ஐயாயிரம் பக்கத்துல வரும். ஐம்பதாயிரம் மிஸ்ஸுக்கு, அன்னிக்கு ரேட்டுக்கு எத்தனை கிராம் காயின் வருதோ அத்தனை. மீதி இருவத்தஞ்சாயிரத்துல ஒரு பொன்னாடை, லெட்டர் ஃபைல், ஸ்கூல்லயே மதியச் சாப்பாடு. மோதிரம்தான்னு பிடிவாதமா இருக்கறவங்க தனியா சேந்து போடுங்க, நான் குறுக்க நிக்கல, ஆனா பொதுப் பணத்துல வேணாம். குடுத்தவங்க லிஸ்டைத் தொகையோட க்ரூப்ல ஒட்டறதையும் விட்டுருங்க, நம்ம பேட்ச்லயே இந்த மாசம் ரெண்டாயிரத்து ஐநூறு கஷ்டம்ங்கறவன் இருக்கான், அவன் லெட்டர் குடுத்தா போதும், அவனும் சாரோட ஸ்டூடண்ட்தான்.

கலெக்‌ஷனுக்கு கூகுள் பே நம்பர் போடறதுக்கு முன்னாடி மிஸ் இப்ப எங்க இருக்காங்கன்னு யாராவது விசாரிங்க. க்ரூப்ல யார்கிட்டயும் நம்பர் இருக்காது, ஸ்கூல் எதிர்த்த ஸ்டேஷனரி கடை அண்ணாச்சிக்குத் தெரிஞ்சிருக்கலாம், அவங்க டெய்லி அங்கதான் சிவப்பு ரீஃபில் வாங்குவாங்க.